நவீன ஜப்பானியத் தற்காப்புக் கலைகளின் மரபுவழி உரிமைகோரல்கள்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானியத் தற்காப்புக் கலைகள் எனத் தற்காலத்தில் அறியப்படும் ஜூடோ, ஐகிடோ, கராத்தே, ஷோரின்ஜி கெம்போ ஆகியவை 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையே இன்றைய வடிவத்தைப் பெற்றவை. ஆயினும், இவற்றுட் சில தம்மைப் பல நூற்றாண்டுத் தொன்மை உடையனவாகவும், அறுபடாத ஆசிரியர் வரிசை உடையனவாகவும் முன்வைக்கின்றன. இவ்வுரிமைகோரல்கள் எந்தச் சான்றை அடிப்படையாகக் கொண்டவை, எக்காலத்தில் தோன்றியவை, எத்தேவையை நிறைவு செய்தவை என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. போதிதருமர் தொன்மத்தின் வழியே இச்சிக்கல் தமிழ் ஆய்வுலகையும் தொடுவதால், அது குறித்த மூலங்களும் தனியே நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தற்காப்புக் கலை, மரபுவழி, தாய்த்தோ-ரியூ, ஐகிடோ, கராத்தே, போதிதருமர், காலவழு, கட்டமைக்கப்பட்ட மரபு.

முன்னுரை

ஒரு கலையின் தகுதியை அதன் வயதால் அளப்பது பல பண்பாடுகளிலும் காணப்படும் வழக்கமாகும். தமிழ் மரபில் இறையனார் அகப்பொருள் உரை, நக்கீரர் முதலாக முசிறி ஆசிரியர் நீலகண்டனார் ஈறாக ஒரு கேள்வி வரிசையைத் தருகிறது. அவ்வரிசையைத் தமிழறிஞர் முற்ற மறுக்கவுமில்லை; அப்படியே வரலாறாகக் கொள்ளவுமில்லை. உரையின் மொழிநடை, மேற்கோள்கள், அதில் இடம்பெறும் அரசர் பெயர் ஆகிய அகச்சான்றுகளைக் கொண்டே அதன் காலத்தைத் துணிந்தனர். அதே நெறியை ஜப்பானியத் தற்காப்புக் கலைகளின் குருவழிப் பட்டியல்களுக்கும் பொருத்திப் பார்க்க இயலும், பார்க்கவும் வேண்டும்.

எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் பதிப்பித்த தொகுப்பு, பழமையானவையாகத் தோன்றும் பல வழக்கங்கள் அண்மைக்காலத்தில் உருவாக்கப்பட்டவை என்னும் கருத்தை முன்வைத்தது. இனோவே ஷுன் இக்கருத்தைக் கானோ ஜிகோரோவின் ஜூடோவுக்குப் பொருத்தி ஆராய்ந்தார். ஆனால், ‘உருவாக்கப்பட்டது’ என்ற ஒரே சொல்லால் எல்லாக் கலைகளையும் மதிப்பிடுவது பொருந்தாது. மரபைக் கூட்டிச் சொல்வதும், குறைத்துச் சொல்வதும், மாற்றி எழுதுவதும் வெவ்வேறு செயல்கள். அவ்வேறுபாட்டை நான்கு எடுத்துக்காட்டுகளின் வழி இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. ஜப்பானியப் பெயர்கள் குடும்பப்பெயர் முன்வர எழுதப்பட்டுள்ளன.

1. கூட்டிச் சொல்லப்பட்ட மரபு: தாய்த்தோ-ரியூ

தாய்த்தோ-ரியூ ஐகி-ஜுஜுத்சு என்னும் கலையைப் பொதுவெளியில் பரப்பியவர் ஐஸூ பகுதியில் பிறந்த தகேதா சோகாகு (இறப்பு: 1943). இக்கலை வழங்கும் மரபுக் கதையின்படி, இதன் முதல்வர் 11-12ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மினமோதோ நோ யோஷிமிட்சு (1045-1127). அவர் இறந்தோர் உடல்களை அறுத்து மூட்டுகளின் அமைப்பை அறிந்து இக்கலையை வகுத்தார் எனவும், அது காய் நாட்டுத் தகேதா குடியினர் வழியே வந்து 16ஆம் நூற்றாண்டில் ஐஸூவை அடைந்தது எனவும், அங்கு உயர்நிலை வீரர்க்கு மட்டும் அரண்மனைக்குள் கற்பிக்கப்பட்டது எனவும் கூறப்படுகிறது. ஐஸூவின் மூத்த அமைச்சராயிருந்த சைகோ தனோமோ 1898இல் சோகாகுவிடம் இக்கலையை ஒப்படைத்து, வாளின் காலம் முடிந்ததாகவும் இதைப் பரப்புமாறும் பணித்தார் என்பது கதையின் இறுதிக் கட்டமாகும்.

இவ்வரிசையில் வரும் மாந்தர் பலரும் வரலாற்று மனிதர்களே. யோஷிமிட்சு காய்த் தகேதா குடியின் முன்னோர் என்பதும், சைகோ தனோமோ பிற்காலத்தில் கோயில் பூசகராக வாழ்ந்தார் என்பதும் ஐயத்திற்கு இடமற்றவை. ஐயம் எழுவது மாந்தர்களைப் பற்றியன்று. அவர்களை இணைக்கும் கண்ணிகளைப் பற்றியே. சோகாகுவுக்கு முன் தாய்த்தோ-ரியூ என்னும் பெயரில் இக்கலை பயிற்றப்பட்டதற்கு ஏற்கத்தக்க சமகால ஆவணம் எதுவும் ஆய்வாளர்க்குக் கிடைக்கவில்லை. அரண்மனைக் கலை எனச் சுட்டப்படும் ‘ஓஷிகியுச்சி’ என்ற சொல், போர்க்கலையைக் குறியாது அவை ஒழுக்க முறையையே குறித்திருக்கலாம் என்பாரும் உளர்.

எதிர்வாதமும் கருதத்தக்கது. 1868ஆம் ஆண்டுப் போரில் ஐஸூ பேரழிவுக்கு உள்ளானது. சைகோ தனோமோவின் குடும்பத்துப் பெண்டிரும் சிறாருமாக 21 பேர் தம் இல்லத்தில் உயிர்துறந்தனர். இத்தகைய அழிவில் ஆவணங்களும் மறைந்திருக்கலாம் என வாதிடுவோர் உள்ளனர். இவ்வாதம் இரக்கத்துக்கு உரியது; ஆயினும் ஆவணம் அழிந்திருக்கலாம் என்னும் கூற்று, அவ்வாவணத்தில் இன்னது எழுதப்பட்டிருந்தது என்பதற்குச் சான்றாகாது. இன்மையால் ஒன்றை மறுக்க இயலாதெனின், அதே இன்மையால் அதனை நிறுவவும் இயலாது.

கதை தோன்றிய காலச்சூழல் தெளிவாகவே உள்ளது. மெய்ஜி அரசு வீரர் வகுப்பின் உரிமைகளைப் பறித்து, 1876இல் வாள் அணிதலையும் தடைசெய்தது. ஐஸூ, அரசின் பகைப்பக்கம் நின்று தோற்ற நாடு. தோற்ற நாட்டினராகிய ஒருவர், ஊர் ஊராகச் சென்று காவலர்க்கும் செல்வர்க்கும் கற்பித்த கலைக்கு மினமோதோ குலத்தின் பெயர் எத்தகைய மதிப்பை அளித்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

2. குறைத்துச் சொல்லப்பட்ட கடன்: ஐகிடோ

சோகாகுவின் முன்னோர் வரிசை ஆவணமின்றி நிற்க, அவருடைய மாணவர் வரிசை ஆவணச் செழுமையுடன் திகழ்வது முரணாகும். கற்க வந்தோரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பதியும் ஏட்டையும், பெற்ற கட்டணத்தைக் குறிக்கும் ஏட்டையும் அவர் தொடர்ந்து பேணினார். அவர் எழுத்தறிவு இல்லாதவர் எனக் கூறப்படுவதால், பதிவுகளை மாணவர்களே எழுதி முத்திரையிட்டனர். கலையின் தொன்மையை நிறுவ இயலாத அவ்வேடுகள், அக்கலையிலிருந்து கிளைத்தவற்றின் மூலத்தை ஐயமற நிறுவுகின்றன.

ஐகிடோவின் நிறுவனர் உவேஷிபா மொரிஹெய் (1883-1969), 1915இல் ஹொக்கைடோவின் எங்காரு என்னும் ஊரில் சோகாகுவைச் சந்தித்து மாணவரானார். 1922இல் கற்பிக்கும் உரிமையையும் பெற்றார். ஐகிடோ என்னும் பெயர் 1942இல்தான் நிலைபெற்றது. ஆனால், ஐகிடோ நிறுவனம் சார்ந்த வரலாறுகளில் தாய்த்தோ-ரியூ, உவேஷிபா கற்ற பல கலைகளுள் ஒன்றாக மட்டுமே நெடுங்காலம் காட்டப்பட்டது. நிறுவனரின் ஆன்மிக அனுபவமே கலையின் ஊற்று என அழுத்தம் இடம் மாறியது.

1974இல் ‘ஐகி நியூஸ்’ இதழைத் தொடங்கிய ஸ்டான்லி பிரானின், சோகாகுவின் மகன் தகேதா தொகிமுனே உள்ளிட்ட பலரை நேர்கண்டும், மேற்குறித்த ஏடுகளை ஆராய்ந்தும், ஐகிடோ உத்திகளின் பெரும்பகுதி தாய்த்தோ-ரியூவிலிருந்து வந்தது என்பதை எடுத்துக்காட்டினார். இங்கு மரபு புனையப்படவில்லை. உண்மையான மரபு ஒளி குன்றச் செய்யப்பட்டது. மரபுவழி உரிமைகோரல்களைத் திறனாய்வோர் பெரும்பாலும் பொய்யான முன்னோரையே தேடுவர். மறைக்கப்பட்ட ஆசிரியரைத் தேடுதலும் அதே அளவு இன்றியமையாத பணி என்பதை ஐகிடோ உணர்த்துகிறது.

3. மாற்றி எழுதப்பட்ட பெயர்: கராத்தே

கராத்தே, ரியூக்கியூ அரசு நிலவிய ஒகினாவாத் தீவில் வளர்ந்த கலை. ஜப்பான் 1879இல் அவ்வரசை முற்றாக இணைத்துக்கொண்டது. இக்கலையின் பெயர் முன்னர்ச் ‘சீனக் கை’ எனப் பொருள்படும் எழுத்துகளால் எழுதப்பட்டது. அதே ஒலிப்புக்கு ‘வெறுங்கை’ எனப் பொருள்தரும் எழுத்தை ஹனாஷிரோ சோமோ 1905இலேயே கையாண்டார். டோக்கியோவில் 1922 முதல் இக்கலையைப் பரப்பிய ஃபுனாகோஷி கிச்சின், 1935இல் வெளியிட்ட நூலில் புதிய எழுத்தையே மேற்கொண்டார். 1936 அக்டோபர் 25 அன்று நாஹா நகரில் ‘ரியூக்கியூ ஷிம்போ’ நாளிதழ் கூட்டிய ஆசிரியர் கூட்டத்தில் புதிய பெயர் ஏற்கப்பட்டது.

இம்மாற்றத்தின் பொருளை உணர, ஃபுனாகோஷியின் ஆசிரியர்களுள் ஒருவராகிய இதோசு அன்கோ 1908இல் எழுதிய மடலை ஒப்புநோக்குதல் வேண்டும். கராத்தே பௌத்தத்திலிருந்தோ கன்பூசியத்திலிருந்தோ தோன்றியதன்று என்றும், அதன் இரு பிரிவுகள் முற்காலத்தில் சீனத்திலிருந்து வந்தவை என்றும் அம்மடலின் தொடக்கமே கூறுகிறது. அதாவது, ஆசிரியர் சீன மூலத்தை ஏற்றுச் சமய மூலத்தை விலக்கினார். மாணவரோ, வரலாற்றுப் பகுதியில் சீனத் தொடர்பைக் குறிப்பிட்டபோதிலும், பெயரிலிருந்து சீனத்தை நீக்கி, ‘வெறுமை’ என்னும் எழுத்துக்குப் பௌத்தச் சூனியக் கருத்தால் விளக்கம் தந்தார். 27 ஆண்டுகளில் கலையின் மூலம் பற்றிய கூற்று ஏறத்தாழத் தலைகீழானது. இடைப்பட்ட காலத்தில் கலைக்குள் புதிய சான்று எதுவும் கண்டெடுக்கப்படவில்லை. மாறியது அரசியல் சூழலே. 1931இல் மஞ்சூரியா கைப்பற்றப்பட்டது. 1937இல் சீனப்போர் மூண்டது.

நிறுவனத் தேவையும் உடனிருந்தது. ஜப்பானியப் போர்க்கலைகளின் தலைமை அமைப்பாக 1895இல் கியோட்டோவில் தொடங்கப்பட்ட ‘தாய் நிப்பொன் புதோகு காய்’, 1933இல்தான் கராத்தேயை ஏற்றது. ஒவ்வொரு கலையும் ஒரு பள்ளிப்பெயரும் வரலாறும் உடையதாயிருத்தல் வேண்டும் என்பது ஜப்பானிய வழக்கம். ஒகினாவாவிலோ பயிற்சி ஆசிரியர் பெயராலும் ஊர்ப் பெயராலுமே அறியப்பட்டது. மியாகி சோஜுனின் மாணவர் ஷின்சாதோ ஜினான் டோக்கியோவில் கலையை நிகழ்த்திக் காட்டியபோது, அவருடைய பள்ளியின் பெயர் யாது என வினவப்பட்டு விடையின்றித் திகைத்தார் என்றும், அதன் பின்னரே கோஜு-ரியூ என்னும் பெயர் சூட்டப்பட்டது என்றும் அப்பள்ளியினரே கூறுவர். கலை முந்தியது, பெயர் பிந்தியது. பெயருக்கு உரிய மரபுவரிசை அதற்கும் பிந்தியது.

மியாகியின் அணுகுமுறை இவ்விடத்துச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 1934இல் எழுதிய சுருக்கவுரையில் அவர் கராத்தேயின் வருகை பற்றி வழங்கிய கருத்துகளை ஒன்றுக்கு மேற்பட்டனவாக வரிசைப்படுத்தினார். அவற்றுள் ஒன்று, 1762இல் புயலால் தோசா நாட்டுக் கரையொதுங்கிய ரியூக்கியூக் கப்பலினர் கூறியவற்றைப் பதிந்த ‘ஓஷிமா ஹிக்கி’ என்னும் ஆவணத்தை அடிப்படையாகக் கொண்டது. சீனத்திலிருந்து வந்த ஒருவர் கைப்போர்த் திறன் காட்டிய செய்தி அதில் உள்ளது. மூலத்தை ஒரு தனி மனிதரிடம் நிறுத்தாமல், கிடைக்கும் கருத்துகளை அருகருகே வைத்த இம்முறை, ஒரு கலைஞரிடம் வெளிப்பட்ட ஆய்வு நேர்மை எனலாம்.

4. சமயத் தலைவரைத் தேடிய மரபு: ஷோரின்ஜி கெம்போவும் போதிதருமரும்

ஷோரின்ஜி கெம்போ, சோ தோஷின் (1911-1980) என்பவரால் 1947இல் ககாவா மாவட்டத்துத் தாதோட்சு நகரில் தொடங்கப்பட்டது. ‘ஷோரின்ஜி’ என்பது ஷாவோலின் கோயிலைக் குறிக்கும் சீன எழுத்துகளின் ஜப்பானிய ஒலிப்பாகும். நிறுவனர் சீனத்தில் வாழ்ந்த காலத்தில் வட ஷாவோலின் மரபு ஒன்றின் 21ஆம் தலைவராக 1936இல் பொறுப்பேற்றார் என்பது அமைப்பின் கூற்று. இதற்கு அவ்வமைப்புக்கு வெளியே உறுதியான ஆவணம் காட்டப்படவில்லை. உத்திகளின் அமைப்பு ஜப்பானிய ஜுஜுத்சுவை நெருங்கியிருப்பதைத் திறனாய்வாளர் சுட்டுவர். போரில் தோற்ற ஜப்பானில் போர்க்கலைகள் பள்ளிகளில் தடைசெய்யப்பட்டு, புதோகு காய் 1946இல் கலைக்கப்பட்டிருந்தது. ஷோரின்ஜி கெம்போ 1951இல் சமய அமைப்பாகப் பதிவு பெற்றது. இச்சூழலில் போர்வீரரைக் காட்டிலும் ஒரு துறவியே ஏற்புடைய முன்னோராக விளங்கியிருப்பார் என்பது எளிதில் புலனாகும்.

அத்துறவி போதிதருமர். ஆனால், போதிதருமரே ஷாவோலின் போர்க்கலையின் தந்தை என்னும் கருத்தும் பிற்காலத்ததே. அவரைக் குறிப்பிடும் மிகப் பழைய நூல், யாங் சுவான்சி 547இல் லோயாங் நகரத்துக் கோயில்களைப் பற்றி எழுதியது. அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. 7ஆம் நூற்றாண்டில் தாவோசுவான் இயற்றிய துறவியர் வரலாறு தென்னிந்தியப் பிராமணர் என்கிறது. இவ்விரண்டிலும் போர்ப்பயிற்சி பற்றிய குறிப்பில்லை. ஷாவோலின் துறவியர் 621இல் தாங் அரசுக்குப் போரில் உதவியதைக் கோயிலின் கல்வெட்டு காட்டுகிறது. அதிலும் போதிதருமர் போர்க்கலை ஆசிரியராகச் சுட்டப்படவில்லை. மிங் காலத்தில் புகழ்பெற்ற ஷாவோலின் தடிப்போரின் மூலவராக அக்கோயிலார் போற்றியது கின்னர அரசன் எனப்படும் தெய்வத்தையே; போதிதருமரையன்று.

போதிதருமரை உடற்பயிற்சியோடு இணைத்த நூல் ‘யி ஜின் ஜிங்’ என்னும் தசைநார் மாற்று நூல். அதன் முன்னுரைகள் 7ஆம், 12ஆம் நூற்றாண்டுத் தளபதிகள் இருவர் பெயரில் அமைந்துள்ளன. ஆனால், அவற்றுள் ஒன்று கற்பனைக் கதைமாந்தர் ஒருவரை உண்மை மனிதராகக் கொண்டு அவர் வழியே நூல் கைமாறியதாகக் கூறுகிறது. இத்தகைய வழுக்களை லிங் திங்கான் (1757-1809) அக்காலத்திலேயே எள்ளி நகையாடினார். நூல் 1624ஐ ஒட்டி எழுந்தது என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர் துணிபு. 20ஆம் நூற்றாண்டில் தாங் ஹாவோவும், அண்மையில் மெய்ர் ஷஹாரும் (2008) இதனை விரிவாக நிறுவியுள்ளனர்.

ஷாவோலின் கோயிலின் சுவரோவியமும் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. கருநிறத் துறவியரும் வெண்ணிறத் துறவியரும் இணைந்து பயிலும் அக்காட்சி, இந்தியர் சீனர்க்குக் கற்பித்ததன் பதிவு எனப் பொருள்கொள்ளப்பட்டது. அவ்வோவியமோ 19ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. அது தன் காலத்துப் பயிற்சிக்குச் சான்று. 6ஆம் நூற்றாண்டு நிகழ்வுக்குச் சான்றாகாது.

5. காஞ்சிபுரமும் தமிழ் ஆய்வுலகும்

போதிதருமர் பல்லவ இளவரசர், காஞ்சிபுரத்தவர், ஆதலால் குங்ஃபூவும் கராத்தேயும் தமிழர் தந்தவை என்னும் கருத்து தமிழ்ச் சூழலில் பரவலாக வழங்குகிறது. ‘7ஆம் அறிவு’ (2011) திரைப்படம் இதனைப் பெருந்திரளிடம் கொண்டு சேர்த்தது. திரைப்படம் புனைவு; அதனை ஆவணமாக மதிப்பிடுதல் முறையன்று. ஆனால், அக்கருத்து ஆய்வுக் கட்டுரைகளுக்குள் சான்றின்றி நுழையும்போது திறனாய்வுக்கு உள்ளாகிறது.

இக்கூற்று மூன்று தனித்தனிப் படிகளால் ஆனது. போதிதருமர் தென்னிந்தியர் என்பது முதற்படி. 7ஆம் நூற்றாண்டுச் சீன நூலின் ஆதரவு இதற்கு உண்டு. அவர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது இரண்டாம் படி. 1004இல் தொகுக்கப்பட்ட சான் பௌத்த வரலாறு அவரை ‘சியாங்சி’ நாட்டரசரின் மூன்றாம் மகன் என்கிறது. அப்பெயரைக் காஞ்சி எனக் கொள்வது ஒலி ஒப்புமையால் அமைந்த பிற்கால ஊகம். யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்தைக் குறித்த எழுத்துகள் வேறு. பல்லவர் என்னும் பெயர் போதிதருமர் பற்றிய பழஞ்சீன மூலங்களில் இல்லை. அவர் போர்க்கலை கற்பித்தார் என்பது மூன்றாம் படி. அது 17ஆம் நூற்றாண்டு நூலுக்கு அப்பால் செல்லவில்லை. முதற்படி வலுவுடையதாதலின் மூன்றாம் படியும் வலுவுடையதாகும் எனக் கருதுதல், ஒரு கண்ணியின் உறுதியைச் சங்கிலி முழுமைக்கும் ஏற்றுவதாகும்.

இதில் இழப்பதற்கு ஒன்றுள்ளது. தென்னிந்தியத் துறவி ஒருவர் சீனம் சென்று பெருஞ்சமய மரபு ஒன்றின் முதல்வராகப் போற்றப்பட்டார் என்பது, போர்க்கலைக் கதையின் துணையின்றியே பெருமைக்குரிய செய்தி. சான்றுடைய அச்செய்தி சான்றற்ற கதையோடு பிணைக்கப்படுமாயின், கதை வீழும்போது செய்தியும் ஐயத்துக்கு உள்ளாகும். சிலம்பம் போன்ற கலைகளுக்கும் இது பொருந்தும். அவற்றின் வரலாற்றை அவற்றுக்கே உரிய ஆவணங்களிலும் பயிற்சி மரபுகளிலும் தேடுவதை விடுத்து, கராத்தேயின் தாய் எனக் காட்டி மதிப்புத் தேடுவது அவற்றைக் கராத்தேயின் நிழலில் நிறுத்துவதே ஆகும்.

6. மாற்று எடுத்துக்காட்டு: ஜூடோ

தொன்மை கோராமலும் ஒரு கலை நிலைபெற இயலும் என்பதற்கு ஜூடோ சான்று. கானோ ஜிகோரோ 1882இல் எய்ஷோஜி கோயிலில் கோதோகனைத் தொடங்கியபோது, தாம் தென்ஜின் ஷின்யோ-ரியூ, கிதோ-ரியூ ஆகிய பள்ளிகளில் கற்றதை வெளிப்படையாகக் கூறினார். அவற்றிலிருந்து தேர்ந்தும் திருத்தியும் புதிய முறையை வகுத்ததையும் மறைக்கவில்லை. தொன்மையின் சின்னமாக இன்று கருதப்படும் ‘தான்’ படிநிலையும் கறுப்புக் கச்சையும் 1880களில் அவர் புகுத்திய புதுமைகளே. ஃபுனாகோஷி 1924இல் அதனைக் கராத்தேக்கு மேற்கொண்டார்.

கானோவும் தம் காலத்தின் தாக்கத்துக்கு அப்பாற்பட்டவரல்லர். ஜுஜுத்சு, 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் குடியேறிய சீனராகிய சென் யுவான்யுன்னிடமிருந்து தொடங்கியது என்னும் வழக்கை அவரும் லிண்ட்சேயும் இணைந்து எழுதிய ஆங்கிலக் கட்டுரை 1880களின் இறுதியில் மறுத்தது. சென்னுக்கு முந்திய ஜப்பானியப் பள்ளிகள் உண்டு என்னும் அவர்களின் வாதம் வலுவானதே. எனினும், கலை முற்றிலும் ஜப்பானியருடையது என்னும் முடிவில் எழுச்சிபெறும் தேசத்தின் குரலும் கலந்திருந்ததை மறுக்க இயலாது. சான்றோடு பேசுவோரிடமும் விருப்பம் செயற்படும் என்பது திறனாய்வாளர் மறவாமற் கொள்ளவேண்டியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன பின்வருமாறு: தாய்த்தோ-ரியூ வீரர் குலத்தோடும், ஷோரின்ஜி கெம்போ துறவியோடும் தம்மை இணைத்துக்கொண்டன. ஐகிடோ தன் நேர் ஆசிரியரின் பங்கைக் குறைத்துக் காட்டியது. கராத்தே தன் பெயரிலிருந்து மூல நாட்டை நீக்கியது. இந்நான்கிலும், உரிமைகோரல் சுட்டும் காலத்தைக் காட்டிலும் அது கூறப்பட்ட காலத்தைப் பற்றியே அது மிகுதியாக உரைக்கிறது. ஆகவே, மரபுவரிசைகளைக் குப்பையெனத் தள்ளுவதும் வரலாறெனக் கொள்வதும் ஒருங்கே பிழை. அவை தோன்றிய காலத்தின் ஆவணங்களாகப் படிக்கப்படவேண்டியவை.

மூலம் பற்றிய கூற்று பொய்ப்பதால் கலையின் திறன் பொய்த்துவிடாது. சோகாகுவின் கைத்திறனுக்கு அவர் மாணவரே சான்று. யோஷிமிட்சு சான்றாக வேண்டியதில்லை. மாணவர் பெயரேட்டில் ஒவ்வொரு பெயரையும் நாளையும் பதிந்துவைத்த அந்நெறியை முன்னோர் பற்றிய கூற்றுக்கும் எதிர்பார்ப்பதே திறனாய்வின் கோரிக்கை. போதிதருமரைப் பற்றி எழுதும் தமிழ் ஆய்வாளரிடமும் அது எதிர்பார்க்கப்படுகிறது.